அண்டா போட்டோவுக்கு விழுந்த ஹார்ட்டு

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும், இந்த கம்பெனி ரோடு பூரா, கேமராவையும் போனையும் மொதல்ல ஒண்ணா சேத்து வெச்ச போட்டோகிராபர் நான்தான். எழுதிக்கங்க.

எழுதிட்டீங்களா? அடிச்சிடுங்க. பொய்யி. எனக்கு முன்னாடி படப்பையில ஒருத்தரு, வாலாஜாபாத்ல ரெண்டு பேரு. ஏன், என் ஸ்டுடியோவுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்த பொண்ணு கூட எனக்கு முன்னாடி சேத்துட்டா. அதுகிட்ட கேமராவே கெடையாது, அவங்க மாமாவோடது. நான் கடைசி ஆளு. கடைசியில இருந்து எண்ணிக்கினு வந்தா நான்தான் மொத ஆளு, அந்தக் கணக்குல சொன்னேன்.

போட்டோகிராபர் சங்கத்துல கூப்ட்டு, "புதுசா தொழிலுக்கு வந்த பசங்க, பொண்ணுங்கல்லாம் வருவாங்க, உங்க அனுபவத்த சொல்லுங்க"ன்னாங்க. லென்ஸு, லைட்டு பத்திலாம் நீங்க போன்லயே பாத்து கத்துக்கினீங்க. அத நான் சொன்னா நீங்கதான் திருத்தணும். நான் நாலாவது வரைக்கும் படிச்சவன். நாலாவது பாஸான்னு கேக்காதீங்க. முட்டி போனதால தொழில வுட்டேன்னு வெளிய சொல்லிக்கினு கீறேன். முட்டி நல்லாத்தான் கீது. கஸ்டமருங்கதான் என்ன வுட்டுட்டாங்க.

அதனால ஒரு ஆப் கதை சொல்றேன். கேமராவுல எடுக்கற போட்டோ அதுவா போன்ல வந்து வுழும் பாருங்க, அந்த ஆப். அதால ஒரு பையன் வேலைக்கே உலை வெச்சேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. மொத தடவ தெரியாம. ரெண்டாவது தடவ, ரொம்ப யோசிச்சி, நல்லா டிரெஸ் பண்ணிக்கினு போயி.

மொதல்ல இந்தக் கருமம் எனக்கு எதுக்கு வந்துதுன்னு சொல்லிட்றேன். கல்யாணத்துல ஆல்பம் எப்ப குடுப்பீங்கன்னு கேட்ட காலம் போயி, "போட்டோகாரரே, இப்ப எடுத்தீங்களே, அத உடனே அனுப்புங்க, ஸ்டேட்டஸ் வெக்கணும்"னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. பொண்ணு மணவறையில உக்காந்துக்கினே கேக்குது. அய்யரு மந்திரம் சொல்றாரு, இது "அண்ணா, அந்த மஞ்சள் பொடவையில எடுத்தது"ன்னு ஜாடை காட்டுது. கேமராவ மாத்துனா ஒழிய பொழப்பில்லன்னு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். ஆப்பையும் போன்ல ஏத்துனேன்.

தொறந்ததும் கேள்வி கேக்க ஆரம்பிச்சிது. இங்கிலீஷ். ஜெராக்ஸ் கடைப் பொண்ணு ஒவ்வொண்ணா படிச்சி சொல்லிச்சி. நீ எங்க கீற, தெரிஞ்சிக்கலாமா? உன் போட்டோல்லாம் பாக்கலாமா? உன் பக்கத்துல இன்னா இன்னா மெஷினு கீது, துழாவலாமா? எனக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க கூட இவ்ளோ கேக்கல. நான் கேமரா வாங்குனேனா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேனா? எல்லாத்துக்கும் "முடியாது"ன்னு நானே அமுக்கிட்டேன். அப்புறம் ரெண்டு நாளு, ஏன் சேர மாட்டேங்குதுன்னு கேமராவ வித்தவன திட்டிக்கினு இருந்தேன்.

"அண்ணா, எல்லாத்துக்கும் மாட்டேன்னு சொல்லிட்டா அது எப்டிண்ணா வேல செய்யும்?"ன்னு அந்தப் பொண்ணு எல்லாத்தையும் மறுபடி தொறந்து, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிச்சி. டக்குனு சேந்துக்கிச்சி. அன்னியில இருந்து நான் திருந்திட்டேன். ஆப்பு எது கேட்டாலும் சரி. எவன் எது கேட்டாலும் சரி. நடுவுல நின்னு இன்னா கேக்குதுன்னு பாக்கறதுன்னு ஒண்ணு கீது, அது படிச்சவங்க வேலைன்னு வுட்டுட்டேன். நீங்கள்லாம் படிச்சவங்க. நீங்களும் பாக்கறதில்லன்னு எனக்குத் தெரியும்.

அப்போ ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேஃப்டி வாரம் வந்துது. பேரு வேணாம். வருஷா வருஷம் நான்தான் போட்டோ. கேட்டுல செக்யூரிட்டி என் போன வாங்கி, அதுல கீற கடுகு சைஸ் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்னாரு. கழுத்துல பீரங்கி மாதிரி ஒண்ணு தொங்குது, அத ஒண்ணும் பண்ணல. "சார், இதுக்கு?"ன்னு கேட்டேன். "அதுக்கு பாஸ் கீது, போ"ன்னாரு.

அங்க எச்ஆர்ல ஒரு மேடம். சின்ன வயசுதான், தெக்கத்திப் பக்கம், அதிகம் சிரிக்காது. ஆனா என்ன "அண்ணா"ன்னுதான் கூப்புடும். "எடுக்க எடுக்க எனக்கு வேணும்ணா, ஹெட் ஆபீஸ்க்கு அனுப்பணும்"னுச்சி. கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் ஆளு ஒருத்தரு என் போன வாங்கி, கேமராவுல இருந்து அதுல வந்து வுழற போட்டோல்லாம் மேடம் போன்லயும் போய் வுழற மாதிரி ஒரு ஆல்பத்த மாட்டி வுட்டாரு. "ஓகேவாண்ணா?" "ஓகே." "ஃபங்ஷன் முடிஞ்சதும் கழட்டி வுட்டுடுங்கண்ணா." "ஓகே." ரெண்டு ஓகேவுல மொத ஓகேவ மட்டும்தான் நான் காப்பாத்துனேன்.

அதுக்கப்புறம் ஒரு வேலயும் வரல, அடுத்த மாசக் கடைசியிலதான் ஒரு கல்யாணம். வாலாஜாபாத் ரோட்டுல ஒரு மண்டபம். பொண்ணோட தம்பி பேரு தினேஷு. எங்க ஏரியா பையன், அப்பா இல்ல, அந்த வூட்டுக்கு அவன்தான் ஆம்பள. அந்த கம்பெனியிலயேதான் ட்ரெய்னி. உங்களுக்கே தெரியும், ட்ரெய்னின்னு சேத்து மூணு வருஷம் வேல வாங்கிட்டு, அதுல கொஞ்சம் பேர பர்மனென்ட் பண்ணுவாங்க, மீதிப் பேருக்கு கை குடுத்து அனுப்பிடுவாங்க. தினேஷுக்கு மூணாவது வருஷம் முடியுது. லிஸ்ட்டு அந்த வாரம் வரணும். லிஸ்ட்ல வந்தா வூட்டுக்கு லோனு, அவனுக்குப் பொண்ணு, எல்லாம் வரும். வரலன்னா மறுபடியும் வேற கம்பெனி வாசல்ல நின்னு, மொதல்ல இருந்து ட்ரெய்னி.

அந்தப் பையன் அக்கா கல்யாணத்துக்கு ஒரு நாளு லீவு கேட்டிருக்கான். மாசக் கடைசி, சரக்கு அனுப்பற நேரம், ஒருத்தருக்கும் லீவு கெடையாதுன்னு அவன் வேல செய்யற லைன்ல சூப்பர்வைசரே சொல்லிட்டாரு. இவன் இன்னா பண்ணான், காலையில சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ தட்னான். முதுகு புடிச்சிக்கிச்சி, எழுந்திரிக்கவே முடியல.

நான் இத தப்புன்னு சொல்ல மாட்டேன். நான் சொல்லாத பொய்யா? ஆனா முதுகு வலின்னு சொன்னவன், முதுகுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணுமா இல்லியா?

கீழ சமையல்கட்டுல ஒரு ஆளு வரல. சாம்பார் அண்டாவ பந்திக்கு எடுத்தாரணும், ரெண்டு பேர் தூக்கற அண்டா. தினேஷு லுங்கிய மடிச்சிக் கட்னான், ரெண்டு காதையும் துணி போட்டுப் புடிச்சான், ஒத்த ஆளா நெஞ்சு மேல தூக்கிட்டான். ஆவி பொங்குது, பின்னாடி ஜன்னல்ல இருந்து வெளிச்சம். நான் முப்பத்தஞ்சு வருஷமா பொண்ணு மாப்பிள்ளய நிக்க வெச்சி எடுத்ததுல ஒண்ணு கூட அந்த மாதிரி அமையல.

"அப்டியே நில்றா."

"அண்ணா, சுடுதுணா."

"சுடட்டும், நில்லு." மூணு தடவ அமுக்குனேன்.

"அண்ணா, நான் கம்பெனியில முதுகு வலின்னு சொல்லிட்டு வந்துகீறேன். பாத்துக்கங்க."

"போடா. வூட்டு ஆல்பத்துக்கு எடுக்கறேன். உங்க கம்பெனிக்கா அனுப்பப் போறேன்?"

அப்டித்தான் சொன்னேன். இந்த வாயாலயே.

மேல மணவறைக்கு வந்துட்டேன். முகூர்த்தம் நெருங்குது. என் போனு என்கிட்ட இல்ல. பொண்ணோட பெரியம்மா ஒண்ணு, மொத வரிசையில உக்காந்துக்கினு, "போட்டோகாரரே, எடுக்க எடுக்க போன்ல வருதாமே, குடு, நானும் பாக்கறேன்"னு காலையிலயே வாங்கி வெச்சிக்கிச்சி. ஒவ்வொரு போட்டோவும் வுழ வுழ அந்த வரிசையே குனிஞ்சி பாக்குது. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது.

தாலி தட்டுல வெச்சி ஆசீர்வாதத்துக்கு சுத்திக்கினு வருது. தட்டு மொத வரிசைக்கு வந்துது, பெரியம்மா தாலியத் தொட்டுக் கும்பிட்டுது, கும்பிட்ட கையாலயே என்னக் கூப்புட்டுது.

"போட்டோகாரரே, உனுக்கு யாரோ ஹார்ட்டு அனுப்பிகீறாங்க."

"எனக்கா?"

"பொம்பள பேரு போட்டுகீது. இந்த வயசுல உனுக்கு ஹார்ட்டு அனுப்பறவ யாரு? வூட்டுல தெரியுமா?"

வரிசையே சிரிக்குது. நானும் சிரிச்சிக்கினே எட்டிப் பாத்தேன். சீர் வரிசைத் தட்டுங்கள எடுத்திருந்தேன், அந்தப் போட்டோவுக்குக் கீழ ஒரு செவப்பு ஹார்ட்டு. பக்கத்துல பேரு. எச்ஆர் மேடம்.

சிரிப்பு அப்டியே நின்னுடுச்சி. ஒவ்வொண்ணா புரியுது. கழட்டி வுடுங்கன்னு சொன்ன ஆல்பத்த நான் கழட்டல. காலையில கோலத்துல இருந்து எடுத்ததெல்லாம் அந்தம்மாவுக்குப் போய்க்கினு கீது. ஒண்ணு வுடாம பாத்துக்கினு கீது. போட்டோ எடுத்த வரிசையிலதான், ஒவ்வொண்ணா மெதுவாத்தான் போவும். சீர் தட்டு போயிடுச்சின்னா, அடுத்து மாப்பிள்ள அழைப்பு, அது வரைக்கும் எதுலயும் தினேஷு இல்ல, கீழ வேலயா இருந்தான். அதுக்கடுத்து சமையல்கட்டு. அண்டா.

"யக்கா, போன குடு"ன்னு கைய நீட்டறேன். பெரியம்மா எழுந்துடுச்சி. "இரு, என் சின்னத் தங்கச்சி பந்தியில கீறா, சீர் தட்ட அவளுக்குக் காட்டிட்டு வரேன்"னு கூட்டத்துல பூந்துடுச்சி. பின்னாடி ஓடலாம்னா தாலி மணவறைக்குத் திரும்பிடுச்சி. மேளக்காரரு தவுல மடியில சரி பண்றாரு.

கேமராவ ஆஃப் பண்ணா போதாதான்னு நெனைக்கறீங்க இல்ல? போதாது. எங்கிட்ட இருந்த கேமரா, ஆஃப் பண்ணி பேக்ல போட்டாலும் உள்ள இருந்து அனுப்பிக்கினே இருக்கும். அவ்ளோ விசுவாசம். அந்தப் போட்டோவ அழிக்கலாம்னா, அதுக்கப்புறம் அறுவது எழுவது எடுத்தாச்சி, ஒண்ணு ஒண்ணா பின்னாடி தள்ளிக்கினு போவணும், என் கண்ணாடி வேற பேக்ல. மெனுவுல போயி நிறுத்தலாம்னா, அந்த மெனுவுல எனக்கு நல்லா தெரிஞ்ச பட்டன் ஒண்ணே ஒண்ணுதான், எல்லாத்தையும் மொத்தமா அழிக்கற பட்டன்.

மீதி ஒரே வழி. பேட்டரிய உருவிட்றது. உருவுனா போட்டோ போறது நிக்கும். தாலி கட்றதும் போயிடும். திரும்பப் போட்டா வுட்ட எடத்துல இருந்து அனுப்ப ஆரம்பிச்சிடும்.

அடியில மூடியத் தொறந்துட்டேன். கட்டவிரலு பேட்டரி மேல. மாப்பிள்ள தாலிய கையில எடுத்துட்டாரு. ஒரு பக்கம் ஒரு பையனோட வேல. ஒரு பக்கம் அவங்க அக்காவோட தாலி. எனக்கு அப்ப இன்னா தோணிச்சின்னா, தாலி கட்ன மாதிரி அப்புறமா ஒரு தடவ நடிக்கச் சொல்லிக்கலாம். பர்மனென்ட்ட நடிக்கச் சொல்ல முடியாது. சரின்னு வெச்சி, உருவப் போறேன்.

தினேஷு பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். சாம்பார் வாசனையோட மேல வந்து, சட்ட கூட மாத்தல. "இன்னாணா பண்றீங்க, கட்டப் போறாங்கணா."

காதுல சொன்னேன். ரெண்டே வரி. உன் அண்டா போட்டோ எச்ஆர் மேடத்துக்குப் போய்க்கினு கீதுடா. பேட்டரிய எடுத்தாதான் நிக்கும்.

மூஞ்சி வெளுத்துடுச்சி பையனுக்கு. என்னப் பாத்தான், அவங்க அக்காவப் பாத்தான். அது தலையக் குனிஞ்சிக்கினு, கழுத்துப் பக்கம் முடிய ஒதுக்கிக் குடுத்துக்கினு உக்காந்துகீது.

"அத மூடுங்கணா."

"டேய், பர்மனென்ட்டுடா."

"தெரியுதுணா. அத மூடிட்டு எங்க அக்காவ எடுங்க."

கெட்டிமேளம் அடிச்சிட்டாங்க. மூடிய மூடுனேன், எடுத்தேன். ஒண்ணு கூட ஆடல. எப்டின்னு எனக்குத் தெரியாது.

அன்னிக்கு ஒண்ணு ஒறச்சிது. அஞ்சு நிமிஷத்துல நான் ரெண்டு பேரோட வாழ்க்கைய தராசுல போட்டு, நானே நிறுத்து, நானே தீர்ப்பும் எழுதிட்டேன். அவன் கேட்டதால அவன்கிட்ட சொன்னேன். கேக்கலன்னா உருவியிருப்பேன். அவங்க வூட்டுத் தாலிய எடுக்கறதா வேணாமான்றத அவனக் கேக்காம நான் யாரு முடிவு பண்ண? ரொம்ப நல்ல பாடம். ஒரு நாளு பூரா ஞாபகத்துல இருந்துது.

தாலி முடிஞ்சதும் பேட்டரிய உருவிட்டு பந்திக்கு ஓடுனோம். பெரியம்மா பாயசத்துல கீது. போன வாங்கிப் பாத்தோம். அண்டா போட்டோ ஒண்ணு போயிருக்குது. அதோட நின்னுடுச்சி. பெரியம்மா பந்திக்கு நடந்ததுல கேமராவுக்கும் போனுக்கும் தூரமாயிடுச்சி போல. மூணுல ஒண்ணுதான் போச்சேன்னு மூச்சு வுட்றதுக்குள்ள, தினேஷு வெரல வெச்சிக் காட்னான். அதுக்குக் கீழயும் ஒரு ஹார்ட்டு.

மூணு பேரும் அத உத்துப் பாத்துக்கினு நிக்கறோம்.

"நல்லா கீதுன்னுதான போட்டுகீறா. அப்புறம் இன்னா?"ன்னுச்சி பெரியம்மா.

"எச்ஆர்ல அப்டிலாம் போட மாட்டாங்க பெரிம்மா. பாத்துட்டேன்னு நமக்குத் தெரியணும்னு போட்றது."

"ஹார்ட்டு போட்டா மெரட்றாங்க?"

"மெமோவ கூட 'டியர் தினேஷ்'னுதான் ஆரம்பிப்பாங்க."

"அப்ப லவ் லெட்டர் எப்டி ஆரம்பிப்பாங்க உங்க கம்பெனியில?"

அவனுக்கு சிரிப்பு வரல. எனக்கு வந்துது, அடக்கிக்கினேன். என் போன ஆஃப் பண்ணி பையில போட்டுக்கினு மீதிப் போட்டோவ எடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் பையன் பந்தியில பரிமாறுனான், வந்தவங்களுக்கு கை குடுத்தான், கம்பெனியில இருந்து எதுனா வந்துதான்னு நடுநடுவுல அவன் போன எடுத்து எடுத்துப் பாத்தான். அழுதுக்கினே பரிமாறறவன நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அக்கா போவுதுன்னு அழறான்னு எல்லாரும் நெனச்சிக்கினாங்க. பாதி அதுவும்தான்.

மறுநாளு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என்னாலதான வந்துது, நானே போயி தீத்து வெக்கறேன். தினேஷுகிட்ட சொல்லல. சொன்னா வேணாம்பான். பாத்தீங்களா, முந்தின நாளு கத்துக்கினது ஞாபகத்துல கீதான்னு. இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிக்கினு கம்பெனிக்குப் போனேன். அன்னிக்கு பாஸு இல்லாததால போன கேட்டுல வாங்கி வெச்சிக்கினாங்க.

ஷேர் ஆட்டோவுல வரும்போதே ஒரு பொய்ய ரெடி பண்ணிட்டேன். மேடம் ரூம்ல உக்காந்ததும் எடுத்து வுட்டேன்.

"மேடம், அந்த அண்டா போட்டோ கீது பாருங்க, அது பழசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. ஆப்பு தப்பா அனுப்பிடுச்சி."

"எந்த அண்டா?"

"ஹார்ட்டு போட்டீங்களே மேடம். நம்ம தினேஷு தூக்கிக்கினு நிக்கறானே. அப்போ அவனுக்கு முதுகு வலி கெடையாது."

மேடம் பேனாவக் கீழ வெச்சிது. "எந்த தினேஷ்ணா?"

அந்த நேரத்துல கூட எனக்குப் புரியல. லேப்டாப்ப திருப்பி அந்தப் போட்டோவ பெருசாக்கி என் முன்னாடி வெச்சிது. கண்ணாடிய மாட்டிக்கினு பாத்தேன். அண்டா கீது. ஆவி கீது. அண்டாவுக்குக் கீழ மடிச்சிக் கட்ன லுங்கி, ரெண்டு காலு. அண்டாவுக்கு மேல வெறும் ஆவி. மூஞ்சே இல்ல.

"இதுல தினேஷ் எங்கண்ணா இருக்காரு?"

நமக்குத் தெரிஞ்சவன்னா தல இல்லாட்டி கூட தெரிவான். நான் எடுத்தவன், தினேஷுக்கு அவன் காலு தெரியும், பெரியம்மா தூக்கி வளத்தது. மூணு பேரும் அத்தினி நேரம் உத்துப் பாத்தோமே, மூஞ்சி இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியல. மத்தவங்க கண்ணால பாக்கணும்னு தோணவே இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் மத்தவங்களுக்குப் போட்டோ எடுத்தவன் நானு. அந்தப் பையன அந்த ஆவி மறச்சி வெச்சிருந்துது. நான் இஸ்திரி சட்ட போட்டுக்கினு வந்து அத வெலக்கி வுட்டேன்.

"இது வேற தினேஷு மேடம்"னேன்.

"அண்ணா."

"இல்ல மேடம். அதே தினேஷுதான்."

மேடம் லேப்டாப்ப தன் பக்கம் திருப்பிக்கினு மெதுவா சொல்லுச்சி. "கல்யாணப் போட்டோவா வந்துச்சு. யாருக்கோ போக வேண்டியது எனக்கு வருதுன்னு தெரிஞ்சது. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். எங்க ஊர்ல எங்க சித்தப்பா இப்படித்தான் தூக்குவாரு. நல்லா இருந்துச்சு, ஹார்ட் போட்டேன். அவ்ளோதான்."

"இப்பவும் அவ்ளோதான்னு வெச்சிக்கலாம் மேடம்."

"எப்படிண்ணா வச்சுக்க முடியும்? நேத்து காலையிலயே லிஸ்ட்ல கையெழுத்து ஆயிருச்சு. தினேஷ் பேரு இருக்கு. வெள்ளிக்கிழமை லெட்டர் குடுக்கணும். அது வரைக்கும் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கும். இப்ப நீங்க வந்து சொல்லிட்டீங்க. நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க."

நான் எப்பவும் பேசிக்கினே இருக்கறவன். அன்னிக்கு பொய்யி ஒண்ணு கூட கைவசம் இல்ல. உள்ளத சொன்னேன். "அவங்க அக்கா கல்யாணம் மேடம். அப்பா இல்ல."

"கல்யாணம்னு கேட்டிருந்தா குடுத்திருப்போமே."

"கேட்டான் மேடம். லைன்ல இல்லன்னுட்டாங்க. உங்க கிட்ட வந்திருக்காது."

அது மேடத்துக்குப் புதுசு. மூஞ்சில தெரிஞ்சிது. லேப்டாப்ப மூடிடுச்சி. எழுந்துக்கிச்சி.

"வாங்க. மொதல்ல அந்த ஆல்பத்த கழட்டுவோம்."

"போனு கேட்டுல கீது மேடம்."

"கேட்டுக்கே போவோம். நீங்களா கழட்டுவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

செக்யூரிட்டி ரூம் வாசல்ல நின்னு, மேடமே என் போன்ல தட்டித் தட்டி கழட்டுச்சி. "கண்டிப்பாவா?"ன்னு அது கேட்டுது போல, "இதுக்கு சரின்னு சொல்லணும்ணா"ன்னு எங்கிட்ட காட்டிட்டு அமுக்குச்சி. ரெண்டாவது ஷிப்ட்டு ஆளுங்க பஸ்ஸுல இருந்து எறங்கி வராங்க. அதுல தினேஷு.

நான் அவன நேரா நிமிந்து வருவான்னு நெனச்சேன். அவன் ஒத்தக் கைய இடுப்புல வெச்சிக்கினு, உடம்ப ஒரு பக்கமா சாச்சிக்கினு, காலத் தேச்சித் தேச்சி வரான். பஸ்ஸுல இருந்து கேட்டு வரைக்கும் முதுகு வலியோட. முந்தின நாளு அண்டா தூக்குனவன். அந்த நடிப்ப நான் மண்டபத்துல எடுத்திருந்தா கூட அவ்ளோ நல்லா வந்திருக்காது.

எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்ததும் நின்னுட்டான். கை இடுப்ப வுட்டு வரல.

மேடம் கேட்டுது. "முதுகு எப்படி இருக்கு தினேஷ்?"

"இப்ப கொஞ்சம் பரவால்ல மேடம். ராத்திரி பூரா தூங்கல."

மேடம் என்னத் திரும்பிப் பாத்துது. நான் கேட்டுல ஸ்பீட் லிமிட் போர்டு ஒண்ணு வெச்சிருப்பாங்க பாருங்க, அத எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கினு இருந்தேன். நாலாவது படிச்சதுக்கு அன்னிக்குத்தான் பிரயோஜனம்.

"ஜாக்கிரதையா இருங்க. வெயிட்டு எதுவும் தூக்காதீங்க"ன்னுச்சி மேடம். அவன் தலைய ஆட்டிக்கினே போறான், முதுகு இன்னும் கோணலாத்தான் கீது. நாலு அடி போனதும் கூப்ட்டு, "வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் ஆபீஸ்ல வந்து லெட்டர் வாங்கிக்கங்க"ன்னுச்சி. சொல்லிட்டு உள்ள போயிடுச்சி. என் பக்கம் திரும்பவே இல்ல. அடுத்த வருஷம் சேஃப்டி வாரத்துக்கு வேற போட்டோகிராபர். அது நியாயம்தான்.

தினேஷு நிமிந்துட்டான். வெயில்ல நின்னுக்கினு எங்கிட்ட கேக்கறான். "அண்ணா, நீங்க இங்க இன்னாணா பண்றீங்க?"

"சேஃப்டி வாரம் போட்டோ குடுக்க வந்தேன்டா."

"மேடம் ஒண்ணும் கேக்கலயாணா?"

"எதப் பத்தி?"

அப்புறமா ஆல்பத்துல அந்தப் போட்டோவப் பாத்துட்டு, அவன் இன்னிக்கு வரைக்கும் இன்னா நெனச்சிக்கினு கீறான்னா, ஆவி மறச்சதால மேடத்துக்குத் தெரியவே தெரியாதுன்னு. அந்தப் போட்டோவ பெருசா ஃப்ரேம் போட்டு வூட்டுல மாட்டிகீறான். வரவங்க கிட்ட எல்லாம், "எங்க அண்ணன் எடுத்தது, மூஞ்சி தெரியாத மாதிரி எடுத்து என் வேலையக் காப்பாத்துனாரு"ன்னு சொல்லிக்கினு கீறான். எத்தினியோ தடவ சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடும். பொங்கலுக்குப் போனேன், சொல்லல. அவன் கல்யாணத்துக்கும் நானே எடுத்தேன், அப்பவும் சொல்லல. ஏன் சொல்லலன்னு நீங்க கேப்பீங்க. பயமான்னா, பயம் இல்ல. அந்த மேடம் தெரிஞ்சே குடுத்துதுன்னு அவனுக்குத் தெரியறது நல்லதா, இல்ல

யாருப்பா அது, வாசல்ல ஹாரன் அடிக்கறது? வந்துட்டானா. என்ன வூட்டுல வுட தினேஷ வண்டி எடுத்தாரச் சொல்லியிருந்தேன், சொன்ன டயத்துக்கு முன்னாடியே வந்து நிக்கறான் பாரு. பர்மனென்ட் ஆளு, டயம் தவற மாட்டான். எல்லாரும் கொஞ்சம் வாய மூடிக்கினு இருங்க. நீதான் பாப்பா, சிரிக்காத, பாக்கறான்.

வரேன்பா, வரேன். ஒண்ணும் இல்ல தினேஷு, சும்மா கேமரா பத்திப் பேசிக்கினு இருந்தோம்.